மணிக்கயிற்று ஓரத்தில் ஒரு கோணல் பெஞ்ச்

ஆரணியில் எங்கள் சர்ச்சான வெள்ளைக் கோயிலுக்குள் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைகிறவர்கள் எல்லாருக்கும் முழங்காலில் ஒரு இடி விழும். அங்கே ஒரு பெஞ்ச் வரிசையை விட்டு விலகி, மணிக்கயிறு தொங்கும் மூலையைப் பார்த்துக்கொண்டு கோணலாகக் கிடக்கிறது. கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளைகள் அதில் இடித்துக்கொண்டு நொண்டியபடி பலிபீடம் வரை போயிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பெண் வீட்டார் கலங்கிப்போய் விசாரித்ததும் உண்டு.

எனக்குப் பிறகு ஆலயப் பணியாளராக வேலைக்கு வந்திருப்பவள் எஸ்தர். நாற்பது வயதைத் தாண்டியவள், நல்ல உழைப்பாளி. போன வாரம் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, சபை மலருக்கு நீங்க ஒரு அனுபவக் கட்டுரை எழுதித் தரணுமாம். அப்புறம் அந்தப் பெஞ்சை நான் நேரா போட்டுடட்டுமா? பெருக்கும்போதெல்லாம் இடிச்சிகினே இருக்கேன். பொன்னையா சாரைக் கேட்டா, நீ உன் வேலையைப் பாரும்மான்னுட்டாரு."

சொல்லும்போது அவள் முகம் சுருங்கிவிட்டது. அந்த முகச் சுருக்கம் எனக்குத் தெரியும். அவள் கேட்ட இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

எஸ்தருக்கு மணி அடிக்கும் வேலை இல்லை. இப்போது சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள். நேரம் வைத்துவிட்டால் அதுவே ஒலிபெருக்கியில் மணி அடித்துவிடும். ஒருநாள் யாருடைய செல்போனோ அந்தப் பெட்டியோடு தானாகச் சேர்ந்துகொண்டது. ஆராதனைக்கு அழைக்க வேண்டிய நேரத்தில், "நீங்கள் அழைக்கும் நபர் வேறு அழைப்பில் இருக்கிறார்" என்று கோபுரத்திலிருந்து ஊருக்கே சொன்னது. அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

நான் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இந்த வேலைக்கு வந்தவன். எனக்கு முன்னால் இருந்தவர் இரண்டு விஷயம் கற்றுக்கொடுத்தார். மணி அடிப்பது ஒன்று, வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்று. இரண்டாவது எனக்குச் சரியாக வரவில்லை. முதலாவது வந்தது.

மணி அடிப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் கயிற்றைத் தொட்டதில்லை. கையால் இழுத்தால் தோள்பட்டை போய்விடும், உடம்பின் எடையால் இழுக்க வேண்டும். இழுத்ததும் மணி புரண்டு கயிறு மேலே ஏறும். அப்போது இறுக்கிப் பிடித்தால் ஆளையும் சேர்த்துத் தூக்கும். பயந்து விட்டுவிட்டால் துள்ளி வந்து முகத்தில் அறையும். பிடித்தும் பிடிக்காமலும், கயிறு போகிற பக்கம் கையைப் போகவிட்டு, அது திரும்பும் நேரத்தில் மெல்லத் தாங்கிக்கொள்ள வேண்டும். சாவு மணி என்றால் ஒரு அடியின் ஓசை முழுக்க அடங்கிய பிறகுதான் அடுத்த அடி. கல்யாண மணி என்றால் கொஞ்சம் அவசரப்படலாம். மாப்பிள்ளை வீட்டாரும் அவசரத்தில்தான் இருப்பார்கள்.

என் காலத்தில் பல போதகர்கள் வந்து போனார்கள். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர்களில் ஆசீர்வாதம் ஐயர் ஒரு தனி ரகம். தெற்கே இருந்து மாற்றலாகி வந்தவர். ஒல்லி உடம்பு, பெரிய கண்ணாடி. யாரையும் அதட்ட மாட்டார், யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு அவரிடம் வந்தால், இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிப்பார். கண்ணாடியைக் கழற்றி அங்கி நுனியில் நிதானமாகத் துடைப்பார். பிறகு சொல்வார்:

"சரி, அதைப் பெறகு பாப்போம். இந்தப் பெஞ்சு இங்க இடைஞ்சலா கெடக்கு. அந்தப் பக்கம் போடணும். ரெண்டு பேரும் பிடிங்க."

எங்கள் கோயில் பெஞ்சுகள் பழைய தேக்கு. ஒருவரால் அசைக்க முடியாது. இரண்டு பேர் தூக்கினாலும் பேசாமல் தூக்க முடியாது. 'இந்தப் பக்கம்', 'மெதுவா', 'தூண் இடிக்குது', 'இப்ப இறக்குங்க' என்று ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். பாடகர் குழுவை நடத்தும் கிரேஸ் டீச்சரும் கீபோர்டு வாசிப்பவரும் பாட்டின் வேகத்தைப் பற்றிச் சண்டை போட்டு, மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்தார்கள். அவர்கள் முதன்முதலில் பேசிய வார்த்தை, "ஐயோ, என் கால் மேல வெக்காதீங்க." பெஞ்சை இறக்கி வைக்கும்போது இருவருக்கும் மூச்சு வாங்கும். சண்டையைத் தொடர மூச்சு மிச்சம் இருக்காது.

சில நாளிலேயே எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் ஐயர் சொன்னால் தூக்கித்தான் ஆக வேண்டும். சனிக்கிழமை தோறும் நானும் என் மனைவி சரோஜாவும் ஊர் சுற்றப் போன பெஞ்சுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவோம். எந்தப் பெஞ்ச் எங்கே கிடக்கிறது என்பதைப் பார்த்தே அந்த வாரம் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று சரோஜா சொல்லிவிடுவாள்.

இந்தப் பெஞ்ச் வைத்தியம் சபையாருக்கு மட்டும்தான், எனக்குக் கிடையாது. நான் யாரோடு சண்டை போட முடியும்? திட்டினால் வாங்கிக்கொள்வேன். பெஞ்சைத் திரும்ப வைப்பது மட்டும் என் பங்கு.

ஒரு லெந்து நோன்புக் காலத்தில் ஐயர், ஒரே உடம்பில் பல உறுப்புகள் இருப்பதுபோல் சபையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரம் இருக்கிறது என்று பிரசங்கம் செய்தார். மறுநாள் கூட்டம் போட்டார். ஊரில் உள்ள மூன்று சபைகளும் சேர்ந்து, ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறன்று ஓலை பிடித்துப் பாடிப் போகும் குருத்தோலை பவனி நடத்துவதென்று அவர் முடிவு செய்திருந்தார். எங்கள் வெள்ளைக் கோயில் ஒன்று. ஆராதனை முறைமைகளில் ஒரு எழுத்துகூடத் தவறக் கூடாது என்றிருக்கும் சின்னக் கோயில் இன்னொன்று. கைதட்டி, டிரம்ஸ் அடித்துப் பாடும் ஹால் சபை மூன்றாவது. மூன்றும் சேர்ந்து அதுவரை ஒரு தெருவைக்கூடக் கடந்ததில்லை.

"ஒவ்வொருத்தரும் உங்க வரம் என்னன்னு சொல்லுங்க. அதைப் பாத்து வேலையைப் பிரிச்சிக்கலாம்" என்றார் ஐயர்.

முதலில் எழுந்தவர் பாட்டு என்றார். அடுத்தவரும் பாட்டு. அதற்கடுத்த வரிசை முழுக்கப் பாட்டு. பேசினாலே பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் குரல் கொண்ட ஒரு பெரியவரும் பாட்டுதான் என்றார்.

"பாட்டு கேக்கற வரம் யாருக்காச்சும் இருக்கா?" என்று ஐயர் கேட்டார். ஒரு கையும் எழவில்லை.

சபைச் செயலாளர் பொன்னையா சார் எழுந்தார். அரசு அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நடக்கும்போதே யாரையோ சஸ்பெண்ட் செய்யப் போகிற மாதிரிதான் நடப்பார்.

"என் வரம் நிர்வாகம்ங்க."

"என்ன நிர்வாகம்?"

"எல்லா நிர்வாகமும்."

கதவோரம் நின்றிருந்த எனக்கும் ஒரு ஆசை வந்தது. கையைத் தூக்கினேன். "ஐயரே, நான் மணி அடிக்கறேன். கோயில் பெருக்கறேன்."

பொன்னையா சார் திரும்பிப் பார்த்தார். "அது வேலைப்பா. சம்பளம் வாங்கிகினு செய்யறது எப்படி வரமாவும்? நீ போய் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. நான் போய் ஃபேனைக் கூட்டினேன். ஐயர் மட்டும் சிரிக்காமல் கண்ணாடியைத் துடைத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீட்டுக்குப் போய் அழுதேன். சரோஜா, "ஃபேனைக் கூட்டறதும் ஒரு வரம்தான் போ" என்றாள். அவள் ஆறுதல் எப்போதும் அப்படித்தான் இருக்கும். அடுத்த ஞாயிறு கயிற்றைப் பிடிக்கும்போது, இது வேலையா வரமா என்ற கேள்வி கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ஆண்டவருக்கு வேண்டியவனா, சபைக்கு வேண்டிய சம்பளக்காரனா என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசைப்பட்டேன்.

பவனிக்கு வருவோம். ஒவ்வொரு சபையும், மற்ற இரண்டும் தன்னிடம்தான் வர வேண்டும் என்றது. கடைசியில், அவரவர் கோயிலிலிருந்து கிளம்பி ஒரு தெருவில் சந்திப்பது, அங்கிருந்து ஒன்றாகப் போவது என்று முடிவானது. எந்தத் தெரு என்பதைப் பொன்னையா சார் நிர்வாகம் செய்தார்.

"காலையில ஒரு வண்டி வராது, ஒரு சைக்கிள்கூட வராது. அப்படி ஒரு தெரு இருக்குது."

அது நெசவாளர்கள் தெரு. அங்கே ஏன் வண்டி வராது என்று ஆரணியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். விடிந்ததும் தெரு நீளத்துக்குப் பட்டு நூல் பாவு நீட்டி, நடுநடுவே கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். புடவையின் நீளவாட்டு இழை முழுக்க அங்கேதான் கிடக்கும்.

"பாவு போட்டிருப்பாங்களே" என்றார் கிரேஸ் டீச்சர்.

"டீச்சர், நாம போறது ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு யாரு வேலை செய்வாங்க?"

நாங்கள் அத்தனை பேரும் தலையாட்டினோம். பிறந்தது முதல் ஞாயிறு என்றால் கோயில், கோயில் விட்டால் கறிக்குழம்பு என்று வளர்ந்தவர்கள். உலகமே அன்று லீவு என்றுதான் எங்கள் எண்ணம். போலீஸில் அனுமதி வாங்கினோம், கவுன்சிலரிடம் சொன்னோம், மின்சார அலுவலகத்துக்குக்கூடத் தகவல் கொடுத்தோம். நெசவாளர்களிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

குருத்தோலை ஞாயிறு வந்தது. எனக்குப் பொன்னையா சார் வரவேற்புக் குழு வேலை கொடுத்திருந்தார். முன்னால் சிரித்தபடி நடக்க வேண்டும். என் முகம் அதற்குச் செய்யப்பட்ட முகம் இல்லை. பாடிக்கொண்டே தெருமுனை திரும்பினோம். எதிரே அரக்குச் சிவப்பில், கஞ்சி ஈரத்தோடு, தெருவின் அந்த முனை வரைக்கும் ஒரு பாவு நீண்டிருந்தது.

பாவின் தலைப்பில் கையில் கஞ்சித் தூரிகையோடு ஒருவர் நிமிர்ந்தார். பெயர் ஏகாம்பரம் என்று பிறகு தெரிந்தது. "இன்னாங்க இது?"

"குருத்தோலை பவனிங்க" என்றேன், சிரித்தபடி.

"சரி. எப்படிப் போவீங்க?"

"இப்படியே நேராதான்."

"பாவு மேலயா?"

பொன்னையா சார் முன்னால் வந்தார். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார், குற்றம் சாட்டுகிற குரலில்.

"ஆமாங்க. நேத்து சனிக்கிழமை. நாங்க அமாவாசைக்குத்தான் லீவு விடுவோம்."

அதற்குள் தெருவின் மறுமுனையில் டிரம்ஸ் சத்தத்தோடு ஹால் சபை திரும்பியது. அவர்களுக்கு இது முதல் குருத்தோலை பவனி. இளங்குருத்தைக் கையில் பிடிப்பது என்று அவர்களிடம் யாரும் விவரமாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. முழுத் தென்னை மட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு, கூரை வேயப் போகிறவர்கள் மாதிரி வந்தார்கள். தெரு நடுவே பிரியும் சந்திலிருந்து சின்னக் கோயிலார் மெதுவாக, முறைப்படி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஒரு அம்மாவின் கையிலிருந்த குருத்தோலையை முறைப்படி மென்றுகொண்டு ஒரு பசுவும் வந்தது.

பசு தலையைத் தூக்கியது. ஹால் சபையின் மட்டைகளைப் பார்த்தது. வாழ்நாளில் இப்படி ஒரு விருந்து அதற்கு வந்திருக்காது. குறுக்கு வழியில் பாவுக்கு அடியில் புகுந்தது. முட்டுக் கட்டைகள் வரிசையாகச் சரிந்தன. பாவு தொய்ந்து, சாக்கடைப் பக்கமாகச் சாய்ந்தது.

ஏகாம்பரம் கத்தவில்லை. தூரிகையைப் போட்டுவிட்டுப் பாவுக்கு அடியில் கை கொடுத்தார். "தரையில பட்டா மண்ணு ஒட்டிக்கும், பாவே போச்சு. எங்க மூணு வீட்டு வேலைங்க. யாராச்சும் பிடிங்க, ஜல்தி."

மூன்று சபையும் ஓலையைப் போட்டுவிட்டு ஓடியது. பாவின் இரண்டு பக்கமும் நின்று கைகளை அடியில் கொடுத்தோம்.

"இறுக்காதீங்க. விட்டுடவும் விடாதீங்க. சும்மா தாங்குங்க" என்றார் ஏகாம்பரம். அந்தப் பிடி எனக்குப் புதிதில்லை.

யாரோ பழக்க தோஷத்தில் பாட ஆரம்பித்தார்கள். "பாடாதீங்கம்மா, இழை ஆடுது" என்றார் அவர். அத்தனை பாட்டு வரமும் ஒரே தெருவில் வாயை மூடிக்கொண்டு நின்றது. ஐயருக்கு அன்றுதான் கேட்கிற வரம் உள்ளவர்கள் கிடைத்தார்கள்.

பசுவை யார் பிடிப்பது என்று எல்லாரும் பார்த்தோம். சின்னக் கோயில் ஐயர் படவேடு கிராமத்துக்காரர், மாடு மேய்த்து வளர்ந்தவர். அது அவர் சபையாருக்கே தெரியாது. போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னார், பசு நின்றுவிட்டது. கடைசி வரை அவருடைய வெள்ளை அங்கியைச் சப்பிக்கொண்டிருந்தது. அவரும் சப்பட்டும் என்று விட்டுவிட்டார்.

ஹால் சபை பாஸ்டர் எபி ஓலைகளைக் கிழித்தெறிந்துவிட்டு மட்டைகளைக் குறுக்கே கட்டி முட்டுக் கொடுக்கத் தயார் செய்தார். "தப்பா எடுத்துகினு வந்துட்டோம்னு வெக்கமா பூட்ச்சி ஐயரே. இதுக்காவது ஆச்சே" என்றார் எங்கள் ஐயரிடம்.

ஆனால் முட்டுக் கொடுக்கப் பாவைச் சாக்கடை ஓரத்திலிருந்து தெரு நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாரும் ஒரே சமயத்தில் தூக்கி, பக்கவாட்டில் நடக்க வேண்டும். ஹால் சபையார் 'அல்லேலூயா' சொல்லித் தூக்கினார்கள். சின்னக் கோயிலார், தங்கள் ஐயர் முதல் பாதியைச் சொல்லட்டும், நாம் 'ஆமென்' சொல்லித் தூக்கலாம் என்று காத்திருந்தார்கள். ஐயரோ மாட்டோடு இருந்தார். பாவு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியது.

ஆசீர்வாதம் ஐயருக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும் போலிருந்திருக்கும். இரண்டு கையிலும் பாவு. மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்:

"நம்ம சபையார் எல்லாரும் பெஞ்சு தூக்கறாப்புல தூக்குங்க."

அவ்வளவுதான். கிரேஸ் டீச்சர் எதிர்ப்பக்கம் நின்ற கீபோர்டுக்காரரைப் பார்த்தார். "இந்தப் பக்கம்." "மெதுவா." "கல்லு இருக்குது, பாத்து." "இப்ப நடங்க." வரிசை முழுக்க அதே பேச்சு, அதே குரலில். சபையில் யார் யார் அதிகம் சண்டை போட்டார்களோ, அவர்கள்தான் அருமையாகத் தூக்கினார்கள். யாரிடமும் மனஸ்தாபம் இல்லாத நல்லவர்களுக்கு எந்தக் காலை முதலில் வைப்பது என்றே தெரியவில்லை. எங்கள் சண்டைக்காரர்கள் மற்ற இரண்டு சபையாருக்கும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்கள். பாவு மெல்ல நடுத்தெருவுக்கு வந்தது. முனையிலிருந்து ஒவ்வொரு மட்டையாக நிறுத்திக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் முறை வரும் வரை நாங்கள் தாங்கிக்கொண்டு நின்றோம். எனக்கு நேர் எதிரே பொன்னையா சார். ஏகாம்பரம் அறுந்த இழைகளைப் பிணைத்தபடி வந்தவர் என் கையைக் கவனித்தார்.

"உன் கை கொஞ்சம்கூட ஆடலியே. இன்னா வேலை செய்யறே?"

"சர்ச்சுல மணி அடிக்கறேங்க" என்றேன். பொன்னையா சாரைப் பார்த்துக்கொண்டே சேர்த்துச் சொன்னேன், "சம்பளத்துக்குத்தான்."

"நான் மட்டும் சும்மாவா நெய்யறேன்? கூலிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இழைக்குப் போனார்.

பொன்னையா சார் தொண்டையைச் செருமினார். "நான் அன்னைக்கு வேற அர்த்தத்துல சொன்னேன்பா."

"இன்னா அர்த்தத்துல சார்?"

நான் அவரை எதிர்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கோபம் வந்தது, எனக்கும் வந்தது. ஆனால் உரக்கப் பேசினால் இழை ஆடும். ஆகவே இரண்டு பேரும் கையை அசைக்காமல், ரகசியம் பேசுகிற குரலில் சண்டை போட்டோம். "மரியாதையா பேசு" என்று அவர் முணுமுணுத்தார். "நீங்க பேசினீங்களா?" என்று நான் முணுமுணுத்தேன். ஃபேன் விஷயம் முழுக்க வெளியே வந்தது. மூன்று சபையாரும் வரிசையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

மட்டை வந்து எங்கள் கைகள் விடுபட்டபோது ஐயர் பக்கத்தில் நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார். அங்கி முழுக்கக் கஞ்சி, கண்ணாடி இன்னும் மங்கித்தான் போனது.

"பொன்னையா, ஜீவா. அதைப் பெறகு பாப்போம். கோயிலுக்குப் போனதும் மணிக்கயிறு ஓரமா ஒரு பெஞ்சு போடணும். ரெண்டு பேரும் பிடிங்க."

அத்தனை வருஷத்தில் நான் திரும்ப வைத்த பெஞ்சுகளுக்குக் கணக்கில்லை. சபையாரில் ஒருவனாக, சண்டைக்காரனாக, என்னை யாரும் ஒரு பெஞ்சைத் தூக்கச் சொன்னதில்லை. கோயிலுக்குத் திரும்பினோம்.

தூக்கினோம். பொன்னையா சார் முன்னால், பின்பக்கமாக நடந்தார். "இந்தப் பக்கம் சார்." "மெதுவாப்பா." "தூண் இருக்குது." நடுவில், "இருப்பா, மூச்சு வாங்குது" என்றார். இறக்கினோம், மறுபடி தூக்கினோம். கடைசியில் எப்படி விழுந்ததோ அப்படியே கோணலாக விட்டுவிட்டு அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டிக் காட்டினார். நானும் உட்கார்ந்தேன்.

மேலே பார்த்துக்கொண்டே, "அந்தக் கயிறை நான் ஒரு தடவை இழுத்துப் பாக்கட்டா?" என்றார்.

"இறுக்கிப் பிடிக்காதீங்க சார்" என்று சொன்னேன். இறுக்கித்தான் பிடித்தார். நிர்வாகம் முழுவதும் தரையை விட்டு எழும்பியது. செருப்பு ஒன்று கழன்று பிரசங்க மேடைப் பக்கம் போய் விழுந்தது. மேலே மணி தகர டப்பா மாதிரி ஒரு சத்தம் போட்டது. நான் சிரிக்கவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். சிரித்தேன். இறங்கி வந்ததும் அவரும் சிரித்தார்.

"வரம்தான்பா" என்றார், செருப்பைத் தேடிக்கொண்டே.

அடுத்த வருஷத்திலிருந்து குருத்தோலை ஞாயிறுக்கு ஏகாம்பரமே ஆள் அனுப்புகிறார், அன்றைக்குப் பாவு போடுகிறோம், தூக்கிப் போட ஆட்கள் வேண்டும், மாடு வேண்டாம் என்று. மூன்று சபையும் போய்க் கை கொடுத்துவிட்டுத்தான் பாட ஆரம்பிக்கிறோம். ஆசீர்வாதம் ஐயர் மாற்றலாகிப் போய்விட்டார். போன ஊரிலும் பெஞ்சுகள் நகர்ந்துகொண்டிருக்கும்.

எஸ்தர், மற்ற எல்லாப் பெஞ்சையும் நான் திரும்ப அதனதன் இடத்தில் வைத்தேன். இதை மட்டும் வைக்கவில்லை. நான் வேலையை விட்ட பிறகு பொன்னையா சார் அதற்குக் காவல் இருக்கிறார் என்று உன் பேச்சிலிருந்துதான் தெரிந்தது. அதை நேராகப் போட உனக்கு அவ்வளவு ஆசை என்றால் நான் தடுக்கவில்லை. ஆனால் தனியாக இழுக்காதே, தேக்கு, இடுப்பு போய்விடும். 'உன் வேலையைப் பாரும்மா' என்று சொன்னாரே, அதற்கு முதலில் அவரோடு நன்றாக ஒரு சண்டை போடு. பிறகு இரண்டு பேருமாகப் பிடியுங்கள். அவருக்கு மூச்சு வாங்கும், நடுவில் ஒரு தடவை இறக்கி வை.